வடசென்னையில் முதல் படகு வாங்குபவருக்கு: எந்தத் தண்ணீர், எந்தப் படகு, எப்படிச் சோதிப்பது

“காலையில் ரெண்டு மணி நேரம் தூண்டில் போடணும், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு வரணும். சின்னதா ஒரு படகு சொல்லுங்கண்ணே.” திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரத்தில் புழங்குபவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டிருப்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் படகின் நீளத்தையும் இஞ்சின் குதிரைத்திறனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். நான் முதலில் கேட்பது வேறு: எந்தத் தண்ணீரில் விடப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிப் படகு முடிவாகிவிடும்.

முதல் படி: தண்ணீரை முடிவு செய்யுங்கள்

நமக்கு மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை திறந்த கடல். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகம். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி.

திறந்த கடலுக்குக் குப்பத்து ஆட்கள் கொண்டுபோவது பெரும்பாலும் 28, 30 அடி பைபர் படகு. கரையில் உடையும் அலையைத் தாண்டுவதுதான் அங்கே பெரிய வேலை. ஒருவர் படகின் தலையை அலைக்கு நேராகப் பிடிப்பார், இன்னொருவர் இஞ்சினில் கை வைத்துக் காத்திருப்பார், பெரிய அலைகள் போய் ஓய்கிற நேரம் பார்த்து ஒரே மூச்சில் வெளியே போவார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய கைக்கு அது சரி. புதிதாக வாங்குபவர், அதுவும் மனைவி பிள்ளைகளோடு, அதில் இறங்கக் கூடாது. இன்னொன்று, வடசென்னைக் கரையில் பெரும்பகுதி இன்று கருங்கல் தடுப்பும், கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவும்தான். இஞ்சின் நின்று காற்று தள்ளினால் ஒதுங்க மணல் கிடைக்காது, கல்தான் கிடைக்கும். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களின் கப்பல் பாதைகளும் இந்தச் சின்ன நீளத்துக்குள் இருக்கின்றன. பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

எண்ணூர் கழிமுகத்தில் அலை இல்லை. ஆனால் ஆழத்தை நம்ப முடியாது. அனல் மின் நிலையச் சாம்பலும் வண்டலும் படிந்து, போன வருடம் படகு போன இடத்தில் இந்த வருடம் முழங்கால் தண்ணீர் இருக்கும். சிப்பிப் படுகைகள் உண்டு, தண்ணீருக்கடியில் பழைய கல்லும் கம்பியும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து அலையாத்திச் செடிகளிலும் வலைகளிலும் படகுகளிலும் அப்பியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தூண்டில் போடலாம், படகில் சுற்றலாம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிக் குளிக்க விடாதீர்கள்.

குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்தது பழவேற்காடுதான். சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அது. பெரும்பகுதி ஓர் ஆள் உயரம்கூட ஆழமில்லை. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். மடவை, கெளுத்தி, இறால், நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. ஆனால் ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம், அங்கே வனத்துறை வைத்ததுதான் சட்டம். சுற்றுலாப் படகு சவாரிக்கும் தடை இருந்துவருகிறது. சொந்தப் படகில் சொந்தக் குடும்பம் என்றாலும் வனத்துறையிடமும் கரையிலிருக்கும் காவல் நிலையத்திலும் கேட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கக் கடலில் கட்டுப்பாடு இருக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாலும் தண்ணீர் கடலைச் சேரும் வாயான முகத்துவாரத்தை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்கு விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரம் ஏன் ஆளை விழுங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். கடல் மட்டம் இறங்கி ஓதம் வற்றும்போது ஏரித் தண்ணீர் குறுகிய வாய் வழியாகக் கடலை நோக்கி வேகமாகப் பாயும். எதிரே கடலலை உள்ளே வரும். இரண்டும் முட்டும் இடத்தில் அலை நெட்டுக்குத்தாக எழும்பும். அடியில் மணல் திட்டு இருப்பதால் அங்கேயே உடைந்து விழும். திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓதம் ஏறி நிற்கிற நேரத்தில் அதே இடம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும், அதை நம்பி வெளியே போனவர் திரும்பி வரும்போது வற்றம் தொடங்கியிருக்கும். பக்கவாட்டில் ஓர் அலை வாங்கினால் சின்னப் படகு தாங்காது.

இரண்டாம் படி: ஆளை எண்ணுங்கள்

20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று வரும். 16 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்றால் 88. 15 ஆல் வகுத்தால் ஐந்து பேரும் சில்லறையும். சில்லறையை விட்டுவிடுங்கள். இது அமைதியான தண்ணீருக்கான கணக்கு. ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நங்கூரம், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் ஏறும்போது அதிலும் ஒருவரைக் குறைக்க வேண்டும். ஆகவே நான்கு பேர். மாமியாரும் மச்சானும் வருவார்கள் என்றால் 18 அடி நீளம், 6 அடி அகலம் பாருங்கள். ஆறு பேரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீளத்தைவிட அகலத்தையே கவனியுங்கள். மீனவர் எடை பார்த்து உட்காருவார். பிள்ளைகள் அப்படி இருக்க மாட்டார்கள், மீன் கடித்ததும் மூன்று பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். குறுகலான படகு வேகமாகப் போகும், அதே வேகத்தில் சாயும்.

மூன்றாம் படி: எந்த வகை

என் பரிந்துரையை நேராகவே சொல்கிறேன்: 16 முதல் 18 அடிக்குள், அகலமான, அடி தட்டையாகவோ லேசான வளைவோடோ இருக்கும் பைபர் படகு. கழிமுகத்துக்கும் ஏரிக்கும் அதுதான் பொருந்தும். முழுச் சுமை ஏறிய பிறகும் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழமாவது நிற்க வேண்டும். இருக்கைகளுக்கு அடியிலோ முன்னாலும் பின்னாலுமோ காற்றறை அல்லது நுரை அடைத்த அறை இருக்க வேண்டும், தண்ணீர் நிரம்பினாலும் படகு மிதக்க அதுதான் காரணம். இந்த அறை இல்லாத படகை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விலை படிந்து வருகிறதே என்று 28 அடிப் படகை இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்கள் உண்டு. அதைக் கரை ஏற்ற ஆறேழு பேர் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பேரை எங்கே தேடுவீர்கள்? அதில் பொருத்தியிருக்கும் நீள வால் டீசல் இஞ்சினின் தண்டு மூடியில்லாமல் சுழலும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். ரப்பர் படகு கழிமுகச் சிப்பியில் ஒரு உரசலுக்குத் தாங்காது. கயாக் தனியாகத் தூண்டில் போடுபவருக்கு நல்லது, குடும்பத்துக்கு ஆகாது. மர வள்ளம் பார்க்க அழகு, பராமரிக்கத் தெரிந்த கை வேண்டும்.

நான்காம் படி: பழைய படகின் உடம்பைச் சோதிப்பது

முதல் படகு பெரும்பாலும் இரண்டாம் கைதான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பைபர் படகுகள் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல தரமில்லாதவை என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். படகின் வயதையும் எந்தப் பட்டறையில் வார்த்தது என்பதையும் கேளுங்கள்.

பகல் வெளிச்சத்தில், படகு காய்ந்திருக்கும்போது போங்கள். கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். படகின் பின்பலகையில், அதாவது இஞ்சின் மாட்டும் இடத்தில், நாணயத்தால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பைபர் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பேசும். உள்ளே பிளைவுட் ஊறியிருந்தால் ‘தொப்’ என்று மங்கிப்போகும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். விற்பவரிடம் சொல்லி இஞ்சின் தாங்கியின் போல்ட் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ ஊறின மர வாடை வந்தாலோ பின்பலகை போய்விட்டது. இஞ்சின் முழு வேகத்தில் தள்ளும்போது அந்தப் பலகைதான் மொத்த விசையையும் வாங்குகிறது. அதை மாற்றுவது பெரிய வேலை, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து அடிப்பாகம். மணலில் இழுத்து இழுத்து நடு முதுகு தேய்ந்திருக்கும். மேல் பூச்சு போய் உள்ளே நார் தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் மாதிரி வெடித்த கீறல் அடிபட்ட இடம். நீளமான இணைக் கீறல் என்றால் படகு அந்த இடத்தில் வளைந்து வளைந்து நெகிழ்கிறது, இதுதான் மோசம். கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள், புளித்த வாடையோடு நீர் வந்தால் உப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. படகு முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் எடுத்துச் சோதியுங்கள்.

இன்னும் ஒரு சோதனை, பலர் செய்வதில்லை. நுரை அறைக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, எடையில் தெரிந்துவிடும். படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி எடை மேடையில் நிறுத்துங்கள். மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. வண்டி எடையைக் கழித்துவிட்டு, அதே அச்சில் வார்த்த புதுப் படகின் எடையைப் பட்டறையில் கேட்டு ஒப்பிடுங்கள். ஐம்பது, அறுபது கிலோ கூடுதல் என்றால் அந்தப் படகு ஏற்கெனவே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டுதான் உங்களிடம் வருகிறது.

ஐந்தாம் படி: இஞ்சின்

இந்த அளவுப் படகுக்கு 9.9 ஹெச்பி அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் இஞ்சின், போதும். நான்கு ஸ்ட்ரோக்கா, இரண்டு ஸ்ட்ரோக்கா என்றால் குடும்பத்துக்கு நான்கு ஸ்ட்ரோக்தான். புகை குறைவு, சத்தம் குறைவு, ஆயிலைப் பெட்ரோலில் கலக்கும் வேலை இல்லை. எடை 40 கிலோ ஒட்டி வரும், மணலில் தூக்க இரண்டு பேர் வேண்டும். மண்ணெண்ணெய் இஞ்சின் மலிவாகத் தெரியலாம். மானிய மண்ணெண்ணெய் பதிவு பெற்ற மீனவர் படகுகளுக்கு உரியது, அதைக் கணக்கில் வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

தண்டின் நீளத்தைப் பார்க்காமல் வாங்கி அவதிப்படுபவர்கள் நிறைய. 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு பரவலாக வரும். பின்பலகையின் உயரத்தை அளந்து அதற்கேற்றதை எடுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்தை ஒட்டியோ ஓர் அங்குலம் கீழேயோ வர வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் காற்றைக் கடைந்து இஞ்சின் அலறும், நீளமாக இருந்தால் பழவேற்காட்டில் சேற்றை உழும்.

பழைய இஞ்சின் பார்க்கப் போகும்போது அதன் தலையில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். ஆறிய பிறகு கிளப்பச் சொல்லுங்கள். ஓடும்போது பின்பக்கச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும், அதுதான் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அடையாளம். பிறகு கீழ்ப்பகுதியின் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு கையில் வாங்குங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இஞ்சினில் அடித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே பணம்.

முழு வேகத்தில் ஓட்டினால் இந்த இஞ்சின் மணிக்கு 4 லிட்டர் ஒட்டிக் குடிக்கும். பெட்ரோலை மூன்று பங்காகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவது பங்கைத் தொடாதீர்கள். இஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுபவர் கையிலோ இடுப்பிலோ எப்போதும் மாட்டியிருக்கட்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிள்ளைகளோடு படகு தானாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆறாம் படி: காகிதமும் கரையும்

மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையில் பதிவு வேண்டும். இப்போது ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண்ணைப் படகில் எழுத வேண்டும். பழைய படகு என்றால் பெயர் மாற்றம் முடியாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சொந்த உல்லாசத்துக்கு மட்டும் என்றால் நடைமுறை வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திலும் உங்கள் நோக்கத்தைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு வெளியாட்களை ஏற்றவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னப் படகுக்கு அது எந்த அளவில் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகை எங்கே வைப்பது? காருக்குப் பின்னால் இழுத்து வந்து சரிவில் இறக்கும் ஏற்பாட்டை இங்கே நம்பித் திட்டமிட முடியாது. குப்பத்துக் கரையில்தான் வைக்க வேண்டும், அதற்கு ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும். வாங்குவதற்கு முன்பே போய் மரியாதையாகக் கேளுங்கள். கரை அவர்களுடைய பிழைப்பு. பழவேற்காட்டிலும் எண்ணூர் கழியிலும் ‘பாடு’ முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பது ஊர் பேசி முறை வைத்துத் தீர்மானிப்பது. தண்ணீரில் கழி நட்டு வலை கட்டியிருக்கும் இடத்துக்கு அருகே தூண்டில் போடாதீர்கள், அதன்மேல் படகு விடாதீர்கள். அவர்கள் வலை அறுந்தால் ஒரு வாரச் சாப்பாடு போச்சு. ஊர் ஆள் ஒருவரைக் கூலிக்கு வைத்து முதல் சில மாதங்கள் கூடவே ஓட்டினால் ஆழமும் பழகும், மனிதர்களும் பழகுவார்கள்.

ஏழாம் படி: படகைத் தவிர வாங்க வேண்டியவை

மொத்தப் பணத்தில் கால்வாசியை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவில். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அங்கி காதுவரை ஏறினால் அது பெரியது, தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். கால்களுக்கு இடையே போகும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். கரையிலேயே போட்டுவிட வேண்டும், திரும்பிக் கரை ஏறும்வரை கழற்றக் கூடாது.

நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருந்தால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும். துடுப்பு இரண்டு, மூங்கில் கழி ஒன்று, தண்ணீர் இறைக்க வாளி, மாற்று ஸ்பார்க் பிளக், அதற்கான ஸ்பேனர், விசில், டார்ச், குடிதண்ணீர். தண்ணீர் புகாத உறையில் போன். அதில் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093 இரண்டையும் பதிந்து வையுங்கள்.

எட்டாம் படி: தண்ணீரில் சோதனை ஓட்டம்

முழுப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் கேளுங்கள். பெரியவர்கள் மட்டும் போங்கள். இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பாருங்கள், விளிம்பு தண்ணீரைத் தொட்டால் அந்தப் படகு குடும்பத்துக்கு ஆகாது. அங்கேயே வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாதி நிரப்புங்கள். இரண்டு பேர் உள்ளே இருக்கும்போதும் படகு மட்டமாக மிதக்கிறதா? ஒரு பக்கம் மூழ்கினால் அந்தப் பக்க அறை கெட்டிருக்கிறது. விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அப்புறம் ஓட்டுங்கள். முழு வேகத்தில் சுக்கான் கையை நடுவில் விட்டால் படகு நேராகப் போகிறதா, ரிவர்ஸ் கியர் விழுகிறதா, இருபது நிமிடம் ஓடிய பிறகும் அந்தத் தண்ணீர்ப் பீச்சு அதே வேகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் கரைக்கு வந்து பாருங்கள்.

ஒன்பதாம் படி: நாளும் நேரமும்

புதியவருக்குத் தை கடைசி, மாசி, பங்குனி. அதிலும் விடியலில் கிளம்பி பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏற ஏறக் கடல் காற்று எழும்பி ஏரியிலேயே சிற்றலை அடிக்கத் தொடங்கும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும். கரையோரத் தண்ணீர் அமைதியாகவே தெரியும், இஞ்சின் நின்றால் படகை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் படகைக் கவிழ்த்துக் கட்டிப் போடுங்கள், ஆற்று வெள்ளம் என்ன கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் நாளில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயரத்தையும் பாருங்கள். கரையில் இருப்பவர் ஒருவரிடம் எத்தனை பேர் போகிறோம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பியதும் களைப்பாக இருக்கும், பிள்ளைகள் பசிக்கிறது என்பார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒருவராவது நில்லுங்கள். ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து இஞ்சினின் கால் மூழ்க வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் நியூட்ரலில் ஓட விட்டால் உள்ளே இருக்கும் உப்பு கழுவிப் போகும். படகின் வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, அந்த அடைப்பை இஞ்சின் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள், அடுத்த முறை அதை மாட்டாமல் இஞ்சினைத் தொட முடியாது.